மதகு திறந்தால் மூழ்கும் முட்டைகள்: எவர்க்ளேட்ஸ் அலிகேட்டர்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஜூன் மாதக் கடைசி. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் எவர்க்ளேட்ஸ் சதுப்பில், முழங்கால் ஆழத் தண்ணீரில் ரம்பப் புல் ஆளுயரத்துக்கு நிற்கிறது. ஓரங்களில் பல் வைத்த புல், கையை வைத்தால் கீறிவிடும். முதலை இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் அலிகேட்டர் அந்தப் புல்லை வாயால் கடித்து இழுக்கிறது. பின்னங்கால்களால் சேற்றையும் மட்கிய தழையையும் ஒரே இடத்துக்குத் தள்ளுகிறது. இப்படிப் பல இரவுகள் உழைத்தபின் ஆறடி அகலமும் இரண்டு மூன்று அடி உயரமும் உள்ள ஒரு குவியல் எழும்புகிறது. அதன் உச்சியில் பின்னங்காலால் ஒரு குழி பறித்து, சுமார் முப்பது முட்டைகளை இட்டு, தழையால் மூடி, வயிற்றால் தேய்த்துச் சமப்படுத்துகிறது. அப்புறம் ஏறத்தாழ 65 நாள் பக்கத்திலேயே காவல் கிடக்கிறது.

இந்த 65 நாளும் மழைக்காலத்துக்கு நடுவில் வருகின்றன. கூடு கட்டும்போது தண்ணீர் ஏறத் தொடங்கியிருக்கும், குஞ்சு வெளிவரும் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் அது உச்சத்தை நெருங்கிக்கொண்டிருக்கும். முட்டைக்குள் கரு மூச்சுவிட வேண்டும், ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் காற்று போய்வர வேண்டும். ஓரிரு நாள் முழுதாக மூழ்கிக் கிடந்தால் கரு செத்துவிடும். ஆக, ஜூனில் கூடு கட்டும் தாய் செப்டம்பர் தண்ணீர் எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே கணித்தாக வேண்டும். இந்த ஆய்வு அந்தக் கணிப்பைப் பற்றியது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஓரளவு சரியாக வந்த ஒரு கணக்கு, ஒரு சாலையும் நான்கு மதகுகளும் வந்தபின் எப்படித் தவறிப்போனது என்பதைப் பற்றியது.

களம்

எவர்க்ளேட்ஸைச் சதுப்பு என்கிறோம். உண்மையில் அது மிக மெதுவாக நகரும் ஒரு நதி. முன்பெல்லாம் வடக்கே ஓகிசோபீ ஏரி நிரம்பித் தென்கரை வழியே வழிந்த தண்ணீர், சில இடங்களில் 80 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாய் விரித்தது போலப் பரவி, தெற்கே கடல் வரைக்கும் போனது. ஒரு கிலோமீட்டருக்குச் சரிவு சுமார் மூன்று சென்டிமீட்டர்தான். அந்த மண்ணின் பூர்வகுடிகள் இதைப் 'பஹாயோகி' என்றார்கள், புல் நிறைந்த நீர் என்று பொருள். நதியின் நடுத்தடம்போல ஓடும் ஆழமான பகுதிக்கு ஷார்க் ரிவர் ஸ்லூ என்று பெயர்.

ஆண்டுக்குச் சுமார் 1300 மில்லிமீட்டர் மழை. அதில் முக்கால் பங்கு மே நடுவிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களில் தண்ணீர் மெல்ல வடிந்து, ஏப்ரல் மே வாக்கில் ஆங்காங்கே குட்டைகளாக ஒடுங்கும். அந்தக் குட்டைகளில் பல அலிகேட்டர்களே தோண்டியவை. மூக்காலும் வாலாலும் சேற்றை ஒதுக்கி அவை பராமரிக்கும் பள்ளங்களில்தான் கோடையில் மீனும் ஆமையும் நத்தையும் தஞ்சம் புகும், கொக்கும் நாரையும் இரை தேடி வரும். 1968இல் ஃப்ராங்க் கிரெய்க்ஹெட் என்ற இயற்கையியலாளர் இதை விரிவாக எழுதினார். எவர்க்ளேட்ஸின் செடி கொடி அமைப்பையே அலிகேட்டர் வடிவமைக்கிறது என்பது அவர் கருத்து.

கூட்டிலும் குடியிருப்பவர்கள் உண்டு. ஃப்ளோரிடா செவ்வயிற்று ஆமை தன் முட்டைகளை அலிகேட்டர் கூட்டில் கொண்டுபோய் இடும். மேடும் கதகதப்பும் காவலும் சும்மா கிடைக்கின்றன. அதனால் கூடு மூழ்கினால் இரண்டு இனங்களின் முட்டைகள் சாகும்.

தாய் பார்க்கும் கணக்கு

ஜேம்ஸ் குஷ்லன், ஜேக்கப்சன் என்ற இருவர் ஷார்க் ரிவர் ஸ்லூவில் பல ஆண்டுகள் கூடுகளைப் பின்தொடர்ந்து 1990இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இந்த நிகழ்வின் மையமே அதுதான். அவர்கள் கண்டது இது: முட்டைக்குழியை எந்த உயரத்தில் வைப்பது என்பதைத் தாய் வசந்தகால நீர்மட்டத்தைப் பொறுத்து முடிவு செய்கிறது. ஏப்ரல் மே மாதங்களில், அதாவது இணைசேரும் காலத்திலும் அதை ஒட்டியும், தண்ணீர் அதிகமாக நின்றால் முட்டைக்குழி உயரத்தில் இருக்கும். குறைவாக நின்றால் தாழ்வாக இருக்கும்.

இதில் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. அடியில் சுண்ணாம்புப்பாறை, மேலே மட்கிய கரிமண். இரண்டும் பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. கோடை முடியும்போதே அந்தப் பஞ்சு நனைந்திருந்தால், அடுத்து வரும் மழை முழுவதும் மேலே நிற்கும், உச்ச நீர்மட்டம் உயரும். பஞ்சு காய்ந்திருந்தால் முதல் மழைகளை மண்ணே குடித்துவிடும், உச்சம் தாழும். அதனால் பழைய எவர்க்ளேட்ஸில் வசந்த நீர்மட்டத்துக்கும் மழைக்கால உச்சத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. நம் விவசாயி பட்டம் பார்த்து விதைப்பது போலத்தான் இதுவும். வானத்தை அவர் முழுதாக அறியார், ஆனாலும் கண்முன்னே இருக்கும் ஓர் அறிகுறி நம்பத்தக்கதாக இருக்கிறது.

எப்போதும் உயரமாகவே கட்டிவிடலாமே என்று தோன்றும். முடியாது. குவியலின் மேற்பகுதி வெயிலில் காயும், முட்டைக்கு ஈரப்பதம் குறையக் கூடாது. மட்கும் தழையின் சூடும் வெயிலின் சூடும் சேர்ந்துதான் முட்டைகளை அடைகாக்கின்றன, அந்த வெப்பம் ஒரு குறுகிய அளவுக்குள் நிற்க வேண்டும். தாழ்வாக வைத்தால் வெள்ளம், உயரமாக வைத்தால் வறட்சி. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் அளவுதான் இடம்.

ஈரமே பாலினத்தையும் எழுதுகிறது

முதலை இனங்களுக்குப் பாலினக் குரோமோசோம் கிடையாது. அடைகாக்கும் காலத்தின் நடுப்பகுதியில் முட்டை என்ன வெப்பத்தில் இருந்தது என்பதே குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. அலிகேட்டருக்கு 30 டிகிரி செல்சியஸும் அதற்குக் கீழும் என்றால் எல்லாம் பெண். 33 டிகிரி வாக்கில் ஏறத்தாழ எல்லாம் ஆண்.

மார்க் ஃபெர்குசனும் டெட் ஜோனெனும் 1982இல் லூசியானா சதுப்புகளில் இதைக் காட்டினார்கள். காய்ந்த கரைமேட்டில் கட்டிய கூடுகள் சூடாக இருந்தன, அவற்றில் வந்தவை பெரும்பாலும் ஆண். ஈரச் சதுப்புக்குள் இருந்த கூடுகள் குளிர்ச்சியாக இருந்தன, அவற்றில் வந்தவை பெண். சரி, இதை எவர்க்ளேட்ஸுடன் சேர்த்துப் பார்ப்போம். சதுப்பு வடிந்து போய், பெண் அலிகேட்டர்கள் கால்வாய்க் கரைகளில் கூடு கட்ட நேர்ந்தால், உயிர் பிழைக்கும் முட்டைகளில்கூட ஆண் பெண் விகிதம் அசையக்கூடும். நீர்மட்டத்தை மாற்றுகிறவர்கள் இப்படியொரு விளைவை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அணை, சாலை, மதகு

இந்தப் பகுதியை எழுதும்போது ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். யாரும் அலிகேட்டரை அழிக்க நினைத்து அணை கட்டவில்லை. 1928இல் அடித்த பெரும்புயலில் ஓகிசோபீ ஏரி கரை உடைந்து குறைந்தது 2500 பேர் மாண்டார்கள். பெரும்பாலானோர் கறுப்பினக் கூலித் தொழிலாளிகள். அதன் பிறகுதான் ஏரியைச் சுற்றிப் பெரிய அணைக்கரை எழுந்தது. 1947இல் மீண்டும் வெள்ளம். அடுத்த ஆண்டே மத்திய தென் ஃப்ளோரிடா வெள்ளத்தடுப்புத் திட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. ராணுவப் பொறியாளர் படை ஆயிரம் மைல் அளவுக்குக் கால்வாய் வெட்டியது. நூற்றுக்கணக்கான மைல் கரைகளும் மதகுகளும் எக்கி நிலையங்களும் வந்தன. ஏரிக்குத் தெற்கே இருந்த கரிமண் கரும்புக் காடானது. அசல் எவர்க்ளேட்ஸில் பாதி போய்விட்டது.

மிச்சப் பாதியின் குறுக்கே 1928இலேயே டமியாமி டிரெயில் என்ற நெடுஞ்சாலை வந்திருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அதை ஒட்டி ஒரு கரை எழுப்பி, எஸ்-12 என்று பெயரிட்ட நான்கு மதகுத் தொகுதிகளை வைத்தார்கள். வடக்கே தேக்கம், தெற்கே எவர்க்ளேட்ஸ் தேசியப் பூங்கா. நதியின் ஆழமான தடம் கிழக்கே இருந்தது, ஆனால் மதகுகள் மேற்கே இருந்தன. ஆழமான தடம் காய்ந்தது, மேடான இடம் நனைந்தது. மதகு கட்டிய கையோடு சில ஆண்டுகள் தண்ணீரே வராமல் பூங்கா வறண்டு வெடித்தது. 1970இல்தான் ஆண்டுக்கு இவ்வளவு தண்ணீராவது விட வேண்டும் என்று சட்டம் வந்தது.

அளவுக்குச் சட்டம் வந்தது, காலத்துக்கு வரவில்லை. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் உறுத்துவது இதுதான். கோடையில் நகரத்தின் குடிநீருக்கும் வயலுக்கும் தேவை என்று தண்ணீரை வடக்கே பிடித்து வைப்பார்கள். பூங்காவில் வசந்த நீர்மட்டம் தாழும். பெண் அலிகேட்டர் அதைப் பார்த்துத் தாழ்வாக முட்டை வைக்கும். ஆகஸ்டில் மேலே மழை கொட்டி, தேக்கம் நிரம்பி, கரைக்கு ஆபத்து வரும்போது மதகுகள் திறக்கும். வாரக் கணக்கில் மெல்ல ஏற வேண்டிய தண்ணீர் சில நாட்களில் ஏறிவிடும்.

குஷ்லனும் ஜேக்கப்சனும் பழைய நீர்மட்டப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, மேலாண்மைக்கு முந்தைய நிலையில் கூடுகள் மூழ்குவது அரிதாகவே நடந்திருக்கும் என்று தெரிந்தது. மதகுகளுக்குப் பிந்தைய காலத்தில் வசந்த நீர்மட்டத்துக்கும் உச்சத்துக்கும் இருந்த தொடர்பே அறுந்திருந்தது. தாய் செய்த கணக்கில் பிழை இல்லை. அது நம்பிய அறிகுறிதான் பொய்யாகிவிட்டது.

நம் ஏரிப் பாசனத்தில் மடை திறக்க ஒரு நீராணிக்காரர் இருந்தார். எந்த வயலில் நாற்று, எந்த வயலில் கதிர் என்று தெரிந்து திறப்பார். டமியாமி மதகைத் திறந்தவர்களின் ஏட்டில் நகரமும் கரும்பும் கரையின் பாதுகாப்பும் இருந்தன. ரம்பப் புல்லுக்குள் கிடந்த முட்டை எந்த ஏட்டிலும் இல்லை.

மூழ்கிய கூடு எப்படி இருக்கும்

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. குவியலின் உச்சி தண்ணீருக்கு மேலேதான் நிற்கும், தாய் பக்கத்தில் கிடக்கும், சீறும். தழையைக் கையால் விலக்கினால்தான் தெரியும். மேலடுக்கு முட்டைகளில் உயிர் இருக்கலாம். நல்ல முட்டை என்றால் நடுவில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் பட்டை ஒன்று இருக்கும். கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டியதும் அந்த இடம் ஒளிபுகாமல் மாறும், வளர வளரப் பட்டை அகலும். அடியடுக்குக்குப் போகப் போகக் கை ஈரமாகிறது. அங்கே குழியில் தண்ணீர் ஊறி நிற்கிறது. அந்த முட்டைகளில் பட்டை பாதியில் நின்றுபோயிருக்கும், நாற்றம் வரும். ஒரே கூட்டில் மேலே உயிர், கீழே சாவு. இரண்டுக்கும் இடையே நாலு விரல் உயரம்.

தப்பிய முட்டைகளுக்குள்ளிருந்து குஞ்சுகள் குரல் கொடுக்கும். தாய் அதைக் கேட்டுக் குவியலைப் பிரித்து, ஒரு சாண் நீளக் குஞ்சுகளை வாயில் எடுத்துத் தண்ணீரில் விடும். செத்த முட்டைகள் குரல் கொடுப்பதில்லை. முழுதும் மூழ்கிய கூட்டின் அருகே தாய் அப்படியே காத்துக் கிடப்பதைக் களப்பணியாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஓர் ஆண்டு போனால் அடுத்த ஆண்டு இட்டுக்கொள்ளும் என்று விடவும் முடியாது. எவர்க்ளேட்ஸில் இரை குறைவு, அலிகேட்டர்கள் மெலிந்தவை, மெதுவாக வளர்பவை. ஒரு பெண் முட்டையிடும் பருவத்துக்கு வரப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். வந்தபின்னும் ஒவ்வோர் ஆண்டும் இடாது. வறண்ட ஆண்டுகளில் கூடு கட்டும் பெண்களின் எண்ணிக்கையே சரிந்துவிடும், ரக்கூன்களுக்குக் கூட்டை எட்டுவதும் சுலபமாகும். பிழைத்த குட்டிகளும் அடுத்த கோடையில் ஒரே பள்ளத்தில் பெரிய அலிகேட்டர்களோடு ஒடுங்கினால் அவற்றுக்கே இரையாகும்.

கால்வாய்களில் அலிகேட்டர்கள் கொழுகொழுவென்று கிடக்கின்றனவே என்று சுற்றுலா போனவர்கள் சொல்வார்கள். கண்ணில் படுவது உண்மைதான். அங்கே இருப்பவை பெரும்பாலும் வளர்ந்தவை. ஆழமான, செங்குத்தான கரை உள்ள கால்வாயில் குட்டிகள் ஒளிய இடம் இல்லை. ஒரு காலத்தில் அலிகேட்டர்கள் நெருக்கமாக வாழ்ந்த ஓரத்துச் சுண்ணாம்புச் சேற்றுப் புல்வெளிகள் வடிந்துபோனதால்தான் அவை நடுத்தடத்துக்கும் கால்வாய்க்கும் ஒதுங்கின.

அதே தண்ணீர், வேறொரு முதலை

அலிகேட்டரும் அமெரிக்க முதலையும் காட்டில் சேர்ந்து வாழும் இடம் உலகத்திலேயே தென் ஃப்ளோரிடா மட்டும்தான். இரண்டும் ஒரே மழையை இரண்டு விதமாகப் பயன்படுத்துகின்றன. அமெரிக்க முதலை தழைக் குவியலை நம்புவதில்லை. ஃப்ளோரிடா விரிகுடாவின் கரையோர மணலிலும் சுண்ணாம்புச் சேற்று மேட்டிலும் ஏப்ரல் மே மாதங்களில், கோடை முடிவதற்குள் முட்டையிடுகிறது. ஜூலை ஆகஸ்டில் குஞ்சுகள் வரும்போது மழை உச்சத்தில் இருக்கும். அதன் குஞ்சுகளுக்கு உப்புநீரைத் தாங்கும் திறன் குறைவு. மழைநீரும் மேலிருந்து வரும் நன்னீரும் கரையோரத்து உப்பைக் குறைக்கும் வாரங்களில்தான் அவை வேகமாக வளர முடியும்.

ஆக, மேலே மதகு மூடினால் கீழே கடலோரத்தில் உப்பு ஏறி முதலைக் குஞ்சு தவிக்கும், திடீரென்று திறந்தால் நடுவில் அலிகேட்டர் முட்டை மூழ்கும். பூங்காவின் தென்முனையில் உள்ள ஃப்ளமிங்கோ பகுதியில் பட்டன்வுட் கால்வாய் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. எண்பதுகளில் அதை அடைத்தார்கள், அந்தப் பக்கம் முதலைக் கூடுகள் பெருகின. 1975இல் அழியும் இனம் என்று பட்டியலிட்ட ஃப்ளோரிடா முதலையை 2007இல் ஒரு படி இறக்கி 'அச்சுறுத்தலில் உள்ள இனம்' என்று மாற்றினார்கள். அதற்கு இந்த அடைப்பு மட்டும் காரணம் அல்ல. ஆனால் நன்னீரைத் திருப்பிக் கொடுத்தால் இனப்பெருக்கம் திரும்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

திருத்தம் ஏன் எளிதல்ல

மதகை அலிகேட்டரின் கணக்குப்படி திறந்தால் போதாதா? அங்கே கேப் சேபிள் கடற்கரைச் சிட்டு என்றொரு சின்னப் பறவை இருக்கிறது. அழியும் நிலையில் உள்ளது. வசந்தத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் புல்லுக்குள் கூடு கட்டும். அந்த நேரத்தில் மேற்குப் புல்வெளிக்குத் தண்ணீர் வந்தால் அதன் குஞ்சுகள் மூழ்கும். எனவே 2000 வாக்கிலிருந்து ஆண்டின் ஒரு பகுதி எஸ்-12 மதகுகளில் சிலவற்றை மூடி வைக்கிறார்கள். மூடினால் வடக்கே தேக்கத்தில் தண்ணீர் ஏறும். அங்கே மிக்கோசுக்கி என்ற பூர்வகுடி மக்களின் மரத்தீவுகள் மாதக்கணக்கில் மூழ்கும், அவர்கள் முன்னோர் வாழ்ந்த மேடுகள் அழுகும். அவர்கள் இதை விடாமல் எதிர்த்து வருகிறார்கள், நியாயமான எதிர்ப்பு. சிட்டும் அலிகேட்டரும் மிக்கோசுக்கிகளும் ஒருவருக்கொருவர் பகை அல்ல. நதி அகலமாகப் பாய்ந்தபோது மூவருக்கும் இடம் இருந்தது. நாலு வாசல் வழியாக அதை நெருக்கியதால்தான் ஒருவர் பங்கு இன்னொருவர் கேடாயிற்று.

என் பார்வையில், மதகை எப்போது திறப்பது என்று சண்டை போடுவதைவிடச் சாலையைத் தூக்குவதுதான் சரியான வழி. அது நடந்துகொண்டும் இருக்கிறது. 2000இல் எவர்க்ளேட்ஸ் மீட்புப் பெருந்திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. டமியாமி சாலையின் கிழக்குப் பகுதியில் 2013இல் ஒரு மைல் நீளப் பாலம் திறந்தார்கள், அப்புறம் இன்னும் இரண்டு மைலுக்கு மேல் பாலம் சேர்ந்தது. 2020இலிருந்து புதிய நீர்விடுப்பு முறை நடப்பில் இருக்கிறது. பழைய ஆழத்தடத்தில், அதாவது கிழக்கு ஷார்க் ரிவர் ஸ்லூவில், மீண்டும் தண்ணீர் ஓடுகிறது.

அந்தத் தண்ணீர் கோடையிலும் நின்று, மழைக்காலத்தில் மெல்ல ஏறினால்தான் வசந்த நீர்மட்டம் மறுபடி நம்பத்தக்கதாகும். அதனால் மீட்புத் திட்டத்தின் வெற்றியை அளக்கும் உயிர்களில் அலிகேட்டரையும் சேர்த்திருக்கிறார்கள். எத்தனை கூடு, எத்தனை மெலிந்த உடல், எத்தனை மூழ்கிய முட்டை என்று பார்க்கிறார்கள்.

மழைக்காலத்தில் ஹெலிகாப்டர் ரம்பப் புல்லின் மேல் தாழப் பறந்து கூடுகளைத் தேடும். புல்வெளியில் வெளிறிய வட்டமாகக் கூடு தெரிந்ததும் இறங்குவார்கள். ஒருவர் கழியால் தாயைத் தள்ளி நிறுத்த, இன்னொருவர் முட்டி போட்டுத் தழையை விலக்குவார். முட்டைகளைப் புரட்டிவிடாமல், இருந்த நிலையிலேயே ஒவ்வொன்றாக எண்ணுவார். பிறகு அளவுகோலை நட்டு, நீர்மட்டத்துக்கும் குழியின் அடியில் கிடக்கும் முட்டைக்கும் எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி என்று குறித்துக்கொண்டு, தழையை முன்போலவே மூடிவிட்டு அடுத்த கூட்டுக்குப் புறப்படுவார்கள்.